ஸ்பேனர் எடுக்கக் குனிந்தேன்

சி ஷிஃப்ட் முடித்தவர்கள் ஏறும் காலை லோக்கலில் முதலில் மூக்கில் ஏறுவது தைல வாசனைதான். கும்மிடிப்பூண்டியில் வண்டி புறப்பட்டுக் கவரைப்பேட்டை வருவதற்குள் யாராவது ஒருவர் சட்டையைத் தூக்கி இடுப்பில் தேய்க்க ஆரம்பித்திருப்பார். எதிரில் இருப்பவர் பேசாமல் கையை நீட்டுவார். டப்பா இரண்டு மூன்று கை மாறும். என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. சிப்காட்டில் பத்து வருடம் தாண்டியவனுக்கு இடுப்பு, முட்டி, தோள் இந்த மூன்றில் ஒன்று போயிருக்க வேண்டும். போகாதவன் ஆபீசில் இருந்திருப்பான்.

நான் அங்கே ஒரு கம்பி மில்லில் ஃபிட்டர். பில்லட்டை ஃபர்னஸில் பழுக்கக் காய்ச்சி, ஸ்டாண்ட் ஸ்டாண்டாக ரோலுக்குள் விட்டு, கட்டடம் கட்டுகிற கம்பியாக இழுத்து எடுக்கும் மில். ஓடுகிறவரை ஆபரேட்டர்தான் ராஜா. நின்றுவிட்டால் ஃபிட்டரைத் தேடுவார்கள். கப்ளிங் கழற்றுவது, பேரிங் மாற்றுவது, ரோல் செட்டை இறக்கி ஏற்றுவது எங்கள் வேலை. பிரேக்டவுன் என்றால் சூடு தணியக் காத்திருக்க நேரம் கிடையாது; நனைத்த சாக்கைப் போட்டு அதன்மேல் முட்டி போட்டு இறங்குவோம். செயின் பிளாக் எட்டாத இடத்தில் கியர் பாக்ஸ் மூடியை நாலு பேராகக் கையாலேயே தூக்கி வைத்திருக்கிறோம். அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. 2016 ஜூலையில் ஒரு மதியம், பி ஷிஃப்டுக்குள் நுழைந்த கையோடு, தரையில் கிடந்த 16-17 ஸ்பேனரை எடுக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை.

அந்த ஸ்பேனர் அரைக் கிலோகூட வராது. ஆக்ஸிடென்ட் ரிப்போர்ட்டில் என்னவென்று எழுதுவது என்று சேஃப்டி ஆபீசர் யோசித்தார். எழுதாமலே விட்டுவிட்டார்.

முதல் வைத்தியம் மெடிக்கல் ஷாப்பில். இடுப்பு என்று சொன்னாலே போதும், நாலு நிறத்தில் மாத்திரையைக் கத்தரித்துச் சின்னக் கவரில் போட்டுத் தருவார்கள். ‘செட் மாத்திரை’ என்று பெயர். போட்ட அன்று பறக்கலாம். மறுநாள் வயிறு எரியும். பிறகு எங்கள் ஊரில் சுளுக்கு வழிக்கும் ஆயா விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டார். அதுவும் சரிப்படாமல் மச்சான் காரை எடுத்துக்கொண்டு வந்து, ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழியாகப் புத்தூருக்குக் கூட்டிப்போனார். திருவள்ளூர் மாவட்டத்தில் எலும்பு என்றால் புத்தூர் கட்டுதான். மூங்கில் பத்தை, பச்சிலை, முட்டை வெள்ளை என்று அங்கே வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் பெரியவர் கட்டை விரலால் முதுகுத்தண்டில் மேலிருந்து கீழே அழுத்திப் பார்த்தார். “எலும்பு ஒடைஞ்சா கட்டலாம். இது ஒடையல. நடங்க, வேலையைப் பாருங்க” என்று பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வருடம் எனக்குக் கிடைத்த சரியான வைத்தியம் அது ஒன்றுதான் என்று இன்று சொல்வேன். அன்றைக்கு, இவ்வளவு தூரம் வந்தும் ஒரு கட்டுகூடப் போடவில்லையே என்று மச்சானுக்குத்தான் மனசு ஆறவில்லை.

அதன் பிறகுதான் ஸ்கேன். அந்த வருடம் என் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டியிருந்ததால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே தள்ளப்பட்டிருந்தேன். மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. ரிப்போர்ட்டில் எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கியிருப்பதாகவும் தேய்மானம் இருப்பதாகவும் போட்டிருந்தது. டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “டிஸ்க் விலகியிருக்கு. இனிமே குனியாதீங்க, ஒரு குடம் தண்ணிகூடத் தூக்காதீங்க. மீறினா கால் மரத்துப்போயி ஆபரேஷன்ல வந்து நிக்கும்.” பேசியது இரண்டு நிமிடம் இருக்கலாம். அடுத்த நோயாளி ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

அந்த இரண்டு நிமிடப் பேச்சை வைத்துக்கொண்டு எத்தனையோ மாதம் வாழ்ந்தேன். இடுப்பு பெல்ட்டைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றினேன். வாரத்தில் சில நாள் போய்ப் படுத்துக்கொண்டால் இடுப்பில் வெயிட் கட்டி இழுப்பார்கள், கரண்ட் வைப்பார்கள். வீட்டில் கேஸ் சிலிண்டரை மனைவி உருட்டிக்கொண்டு போவாள், நான் நின்று பார்ப்பேன். செருப்பைக் காலாலேயே தேடிப் போடுவேன். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன். இந்தப் பத்திரமெல்லாம் சேர்ந்து வலியைக் குறைத்ததா என்றால் இல்லை. முதலில் குனிந்தால் வலித்தது, பிறகு உட்கார்ந்தால் வலித்தது, கடைசியில் மில்லிலிருந்து போன் வந்தாலே வலித்தது. நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்றார்கள். காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பழைய நோட்டில் கூலி கொடுத்தார்கள், மில் பாதி நாள் ஓடவில்லை. அந்த மாதம் வலி எகிறியது. நோட்டுக்கும் முதுகெலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல். பொன்னேரிப் பக்கம் அன்று பகல் முழுக்க மரம் விழுகிற சத்தம்தான். எங்கள் வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மதியம் ஒரு மூலை தூக்கிக்கொண்டது. அம்மாவுக்கு முட்டி வலி, எழுந்து நிற்கவே ஆள் வேண்டும். நான் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு, தெருவில் கிடந்த வேப்பங்கிளையைத் தாண்டி, எதிர் வரிசை மெத்தை வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்து அரிசி மூட்டையைத் தூக்கினேன். டி.வி.யைத் தூக்கினேன். இருட்டிய பிறகு, எல்லாரும் ஒரே அறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது அம்மாதான் கேட்டாள்: “நைனா, உன் இடுப்பு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விலகிய டிஸ்க் புயலன்று மட்டும் உள்ளே போயிருக்க முடியாது.

பதில் கிடைத்தது 2017இல். அந்த ஜனவரி முதல் இ.எஸ்.ஐ. சம்பள உச்சவரம்பை 21,000 ஆக்கினார்கள். நான் மறுபடி உள்ளே வந்தேன். அந்த வழியாக அனுப்பப்பட்ட மருத்துவமனையில், திருத்தணிப் பக்கத்துப் பெண் ஒருவர் பிசியோதெரபிஸ்ட். என் மகள் வயசுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஃபிலிமை நீட்டினேன், அதை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “தூக்கம் எப்படிண்ணா?” என்றார். ஷிஃப்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, கடன் இருக்கிறதா, வலி வந்தால் முதலில் எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். இடுப்பைத் தொடவே அரை மணி ஆயிற்று. இவர் நிஜமாகவே பிசியோதானா என்று எனக்குச் சந்தேகம். தொட்டபோதும் சும்மா இல்லை: கால் மரக்கிறதா, பலம் குறைகிறதா, சிறுநீர் தெரியாமல் போகிறதா, காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய டாக்டரிடம் அனுப்பியிருப்பேன் என்றார். எனக்கு எதுவும் இல்லை.

புயல் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் 1944இல் இத்தாலியில் ஆன்சியோ கடற்கரையில் நடந்ததைச் சொன்னார். ஹென்றி பீச்சர் என்கிற அமெரிக்க ராணுவ டாக்டர், பெரிய காயத்தோடு தூக்கி வரப்பட்ட சிப்பாய்களில் பலர் மார்ஃபின் கேட்கவே இல்லை என்று குறித்து வைத்தார். காயம் பெரிது, ஆனால் உயிர் பிழைத்தோம், வீட்டுக்குப் போகப் போகிறோம் என்ற நினைப்பு அதைவிடப் பெரிது. வலியை முடிவு செய்வது காயம் மட்டும் அல்ல என்பதற்கு 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் ஒரு விளக்கம் எழுதினார்கள். உடம்பிலிருந்து கிளம்பும் செய்தி முதுகுத்தண்டில் ஒரு கதவைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும்; அந்தக் கதவை எவ்வளவு திறப்பது என்பதில் மூளைக்கும் பங்கு உண்டு. இடித்துக்கொண்ட இடத்தை நாம் உடனே தேய்க்கிறோமே, அந்தத் தேய்ப்பும் கதவைக் கொஞ்சம் சாத்துகிறது.

எனக்கு ஆன்சியோ தேவைப்படவில்லை. எங்கள் மில்லிலேயே ஒருவர் கப்ளிங்கில் இரண்டு விரல் நசுங்கி, அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வரைக்கும் தானே நடந்து வந்து, “என் போன் லாக்கர்ல கீது, எடுத்துக் குடு” என்றார். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கத்தினார்.

வலி வராமலே போனால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய டாக்டர் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்தார். விரல்கள் அழுகி விழுவது நோயால் என்றே எல்லாரும் நம்பிய காலம். உணர்ச்சி போன கையில் சூட்டுப் பாத்திரத்தைப் பிடிப்பதும், காலில் குத்திய ஆணியோடு நடப்பதும்தான் விரலைக் கொண்டுபோகிறது என்று அவர் கண்டுபிடித்தார். தூங்கும்போது எலி கடித்துத் தின்றதுகூடச் சிலருக்குத் தெரியவில்லை. வலி ஒரு பரிசு என்று பிற்பாடு புத்தகமே எழுதினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவனிடம் போய் இதைச் சொன்னால் அடிதான் விழும். ஆனாலும் விஷயம் சரி. வலி காவலுக்கு நிற்கிறது. என் விஷயத்தில் காவல் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

எப்படி அதிகமாகும் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் மோட்டார் பேனல் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஓவர்லோட் ரிலே உண்டு. கரண்ட் அளவு மீறினால் மோட்டார் எரிவதற்கு முன் அது ட்ரிப் அடித்துவிடும். சில சமயம் ரிலேயின் செட்டிங் கீழே இறங்கிவிடும். மோட்டார் நன்றாக இருக்கும், சாதாரண லோடிலேயே ட்ரிப் அடிக்கும். தெரியாதவன் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்புவான். “மேடம், அப்ப என் மோட்டார் எரியல. செட்டிங்தான் எறங்கிப்போச்சு, அதானே?” என்றேன். அதன் பிறகு மற்ற நோயாளிகளிடமும் அவர் ரிலே கதையைத்தான் சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். அடிபட்ட இடத்திலிருந்து செய்தி திரும்பத் திரும்ப வந்தால் முதுகுத்தண்டில் உள்ள நரம்புகளே கூர்மையாகிவிடுகின்றன என்பதை 1983இல் லண்டனில் கிளிஃபோர்ட் உல்ஃப் எலிகளை வைத்துக் காட்டினார். தூக்கமின்மையும் பயமும் அந்தச் செட்டிங்கை இன்னும் கீழே இறக்கும். செல்லாத நோட்டுக்கும் என் இடுப்புக்கும் உள்ள சம்பந்தம் அப்போதுதான் விளங்கியது.

பிறகு பிசியோதெரபிஸ்ட், கவிழ்த்து வைத்த ஃபிலிமுக்கு வந்தார். 1994இல் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 52 சதவீதம் பேருக்கு ஒரு இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. 2015இல் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 50 வயதில் 80 சதவீதம் பேருக்கு. “உங்க ஷிஃப்ட்ல வலி இல்லாம சுத்துறவங்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு இதே ரிப்போர்ட்தான் வரும்ணா” என்றார். இந்த ஒரு வரியை அந்த ரிப்போர்ட்டின் அடியிலேயே அச்சடித்துக் கொடுத்திருந்தால் என் மனைவியின் முதுகு தப்பியிருக்கும். சிலிண்டரை அவள் அல்லவா தூக்கினாள்.

சிகிச்சை என்று தொடங்கியது ஒரு பேனாவில். அவர் தன் பாக்கெட் பேனாவைத் தரையில் போட்டார். எடுங்கள் என்றார். பெல்ட் இல்லாமல் குனிய வேண்டும். நான் முட்டியை மடக்கி, ஒரு கையை மேஜையில் ஊன்றி, வயிற்றை இறுக்கிக்கொண்டு பாதி வரை போய் நின்றேன். “மூச்சை ஏண்ணா புடிச்சு வெச்சிருக்கீங்க?” என்றார். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. பல்லும் கடித்துக்கொண்டிருந்தேன். விடுங்கள், மூச்சு விட்டுக்கொண்டே குனியுங்கள், உங்கள் வீட்டுக் கொல்லையில் என்ன மரம் இருக்கிறது சொல்லுங்கள் என்றார். முருங்கை என்று சொல்லும்போது பேனா கையில் இருந்தது. வலித்தது. ஆனால் நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. அவர் பேனாவை மறுபடி கீழே போட்டார்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் சாதாரணம். ஆரணியாற்றுக் கரையில் நடக்க வேண்டும். முதல் கரண்ட் கம்பம் வரை போய்த் திரும்பிவிட வேண்டும். வலித்தாலும் அதுவரை, வலிக்காவிட்டாலும் அதுவரைதான். இந்த இரண்டாவது பாதிதான் கஷ்டம். நன்றாக இருக்கிற நாளில் வீட்டு வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்வதும், மறுநாள் சுருண்டு படுப்பதும்தான் எங்கள் ஆட்களின் வழக்கம். வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்க உளவியல் நிபுணர் 1970களிலேயே இதைச் சொல்லிவிட்டாராம்: வலியைப் பார்த்து நிறுத்தாதே, வைத்த கணக்கு முடிந்தால் நிறுத்து. அடுத்த வாரம் அடுத்த கம்பம். பிறகு காலி பக்கெட், கால் பக்கெட், அரை பக்கெட். சி ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஜன்னலில் சாக்கு கட்டி இருட்டாக்கித் தூங்குவது. மூச்சை மெதுவாக வெளியே விடுவது. டி.வி. பார்க்கிற நேரத்தில் குனிந்து நிமிர்வது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். நிறுத்து என்று அவர் ஒருநாளும் அதட்டவில்லை.

வலி போய்விட்டதா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்பேன். மழைக்காலத்தில் வரும், சண்டை போட்ட மறுநாள் வரும். வந்தால் படுப்பதில்லை, நடையைப் பாதியாக்கிக்கொள்வேன், இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். மறுபடி கப்ளிங் கழற்றினேன். சிலிண்டர் என் கைக்குத் திரும்பி வந்தது. இடுப்பு பெல்ட் இப்போது பைக்கில் சிலிண்டரைக் கட்டப் பயன்படுகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. விளக்கிச் சொல்வது, உடற்பயிற்சி, மனப் பயிற்சி, நீவுதல் இவற்றுக்கெல்லாம் அதில் இடம் உண்டு. பெல்ட்டும் வெயிட் கட்டி இழுப்பதும் வேண்டாத பட்டியலில். சுளுக்கு ஆயாவுக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

ஷியரிங் மிஷினில் வலது கை போன ஒரு அண்ணனை நான்தான் அந்த பிசியோதெரபிஸ்ட்டிடம் கூட்டிப்போனேன். இல்லாத கையின் விரல்கள் ராத்திரியெல்லாம் இறுக மூடிக்கொண்டு நகம் குத்துகிறது என்பார். மில்லில் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாகப் பேச்சு. அவருக்கு மேஜைமேல் ஒரு முகக்கண்ணாடியை நிறுத்தி வைத்து, இடது கையை அதன் முன்னால் வைத்து மெதுவாக விரித்து மூடச் சொன்னார். கண்ணாடியில் தெரிவது போன கை. இந்த முறையை 1990களின் நடுவில் கண்டுபிடித்தவர் வி.எஸ். ராமச்சந்திரன், 1951இல் பிறந்த தமிழர், கலிஃபோர்னியாவில் நரம்பியல் அறிஞர். அவர் டாக்டருக்குப் படித்தது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில். வடசென்னையிலும் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கமும் அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓடுகிற அதே ஸ்டான்லி. எல்லாருக்கும் இது பலிப்பதில்லை என்று பிசியோதெரபிஸ்ட் முன்பே சொல்லித்தான் தொடங்கினார். அண்ணனுக்கு வலி முழுசாகப் போகவில்லை, தூக்கம் வந்தது. முதல் தடவை கண்ணாடிக்குள் விரல் விரிந்ததைப் பார்த்து அவர் அழுததை நான் பார்த்தேன்.

மனசு வலியைக் குறைக்கும் என்பது அம்மாவுக்குப் புதிதில்லை. அமாவாசைதோறும் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போய்க் குளத்தில் வெல்லம் கரைப்பவள். வைத்திய வீரராகவர் என்றுதான் அவருக்குப் பெயர். கை, கால் வடிவத்தில் தகடு வாங்கிச் செலுத்துவார்கள். குளத்துப் படி ஏறி இறங்கி வந்த அன்று முட்டி லேசாக இருக்கிறது என்பாள், நான் கிண்டல் செய்வேன். கிண்டலை நிறுத்தியது 1978இல் நடந்த ஒரு பல் ஆய்வு. பல் பிடுங்கியவர்களில் போலி மருந்தை நம்பி வலி குறைந்தவர்களுக்கு, மார்ஃபினை முறிக்கிற மருந்தைக் கொடுத்ததும் வலி திரும்பியது. அதாவது, குணமாகும் என்ற நம்பிக்கையில் உடம்பே தனக்குள் ஒரு மார்ஃபினைச் சுரந்திருக்கிறது. அம்மாவின் முட்டிக்கு அதோடு நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது, பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவது, அவ்வளவுதான். வர்தா அன்று என் முதுகில் வந்தவள் இப்போது ரேஷன் கடைக்கு நடந்து போகிறாள்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு கோபமும் மிச்சம் இருக்கிறது. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு இந்த விஷயமெல்லாம் அரைகுறையாக ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தது. “மனசுதான் காரணமாமே, அப்புறம் எதுக்கு லீவு?” என்று ஒரு அதிகாரி கேட்டார். மூளை கலந்துகொள்ளாத வலி உலகத்தில் ஒன்றும் இல்லை. விரல் நசுங்கின வலியும் மூளையில்தான் உண்டாகிறது. அதனால் அது பொய்யாகிவிடாது. உலக நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத் தனி நோயாகவே அதில் சேர்த்துவிட்டார்கள். 2020இல் உலகத்தில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி. இத்தனை பேரும் நடிக்க முடியாது.

இன்னொரு பக்கம், எனக்குச் சொன்ன வைத்தியத்தை நான் ஒரிசா தம்பி ஒருவனுக்குச் சொல்லிப் பார்த்தேன். காண்ட்ராக்ட் ஆள், கம்பிக் கட்டு தூக்குகிறவன். சிறுபுழல்பேட்டைப் பக்கம் ஒரே ரூமில் எட்டுப் பேர். பகல் ஷிஃப்ட்காரன் எழுந்த பாயில் இரவு ஷிஃப்ட்காரன் படுக்க வேண்டும். தூக்கத்தைச் சரிசெய் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? பாதி வேலையிலிருந்து ஆரம்பி என்றால், அவனுக்குப் பாதி வேலை என்று ஒன்று கிடையாது. கேட்டில் நிற்கிற மேஸ்திரி முழு ஆள் அல்லது வேறு ஆள் என்பார். அவன் இந்தியில் கேட்டான்: “பையா, மாத்திரை பத்து ரூபாய். உங்க வைத்தியம் ஆறு மாசம். எதை வாங்குறது?”

மருந்தில்லாத வைத்தியம் செலவில்லாதது என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அதற்கு நேரம் வேண்டும், நேரத்துக்குக் கூலி வேண்டும். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு, அது படுத்திருப்பவனுக்கு. ஆனால் இடுப்பு வலிக்காரன் படுக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அறிவியல். எங்கள் எஸ்டேட்டில் சீட்டு இரண்டே வகை: வேலைக்குத் தகுதி, தகுதி இல்லை. நடுவில் ஒன்று கிடையாது. எனக்குக் கிடைத்தது, என் ஷிஃப்ட் இன்சார்ஜ் தன் பொறுப்பில் கொடுத்த இரண்டு மாத ஸ்டோர்ஸ் வேலை. நான் கம்பெனி ஆள் என்பதால் கொடுத்தார். அந்தத் தம்பிக்குக் கொடுக்க முடியாது என்று அவரே சொன்னார்.

தொழிலாளர்களைத் தேடி மில்லுக்குள்ளேயே வந்து இப்போது அரசு ஆட்கள் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கூடவே ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் வரட்டும். கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர் முதலாளிகளுக்கும் ஹெச்.ஆர். சார்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: இடுப்பு வலியோடு திரும்பி வருகிற ஆளுக்கு ஆறு வாரம் குறைந்த வேலை, முழுக் கூலி என்று ஸ்டாண்டிங் ஆர்டரில் ஒரு வரி எழுதுங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும் என்று அதற்கு அடுத்த வரியையும் எழுதுங்கள்.